காலையில் எடுக்கும் முதல் படம்

என் வீட்டுக்காரர் கொடைக்கானலில் டூரிஸ்டுகளைப் படமெடுப்பவர். ஏரிப் பக்கம் சின்னக் கடை. கம்ப்யூட்டர் சோலி என்னுடையது. மெமரி கார்டைக் கழற்றிக் கொடுப்பார். வேண்டாததை அழித்து, மிச்சத்தை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, பிரிண்ட் போட்டு, கார்டைச் சுத்தமாக ஃபார்மட் பண்ணித் திருப்பிக் கொடுப்பேன்.

ஒவ்வொரு நாளும் முதல் படம் அவர்தான். வெள்ளனே போனதும் கேமராவைத் தன் பக்கம் திருப்பி ஒரு கிளிக். மஃப்ளர், பாதி மூடின கண், பின்னால் மூடுபனி. "வெளிச்சம் பாக்கத்தான்" என்பார். எனக்கா, எரிச்சலாக வரும். நான் அழிப்பதில் முதலாவது அதுதான்.

"ஏங்க, ஒங்க மூஞ்சிய எவன் பிரேம் போட்டு மாட்டப் போறான்? டிஸ்கு ரொம்பிப்போய்க் கெடக்கு!"

"நீ மாட்டு" என்று சிரிப்பார்.

அன்றைக்கு மத்தியானமே வந்துவிட்டார். "வெரசா போட்டுக் குடு, பஸ்ஸுக்கு நிக்கிறாங்க. நான் செத்த படுக்குறேன்" என்று கார்டை நீட்டினார். அழித்தேன், போட்டுக் கொடுத்தேன், ஃபார்மட் பண்ணினேன். சோறு கொண்டுபோய் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் கேட்டார்கள். நம்மிடமா படத்துக்குப் பஞ்சம் என்று டிஸ்கைத் திறந்தேன். புது ஜோடிகள், குதிரை மேல் பிள்ளைகள், தொப்பி மாற்றிப் போட்ட காலேஜ் பையன்கள். அத்தனை வருஷத்தில் அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. அவர் போனில் நான்தான் இருந்தேன், சிடுசிடு முகத்தோடு. கடைசியில் ஆதார் படத்தைப் பெரிசாக்கிப் போட்டோம். துக்கத்துக்கு வந்தவர்களே "இது யாரு?" என்றார்கள். என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அந்தக் கடைசிக் கார்டு ஞாபகம் வந்தபோது, ஏரியில் கூடப் படமெடுக்கும் அவர் கூட்டாளி கேமராவைக் கார்டோடு வாங்கிப்போய் அதில் நாலு படம் எடுத்துவிட்டிருந்தார். பிடுங்கிக்கொண்டு மதுரைக்கு ஓடினேன், அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்கு.

"அதும்மேல வேற படம் ஏறிருச்சுக்கா. பாதிதான் வந்துச்சு" என்றார் கடைக்காரர்.

மேல்பாதி வந்திருந்தது. மூடுபனி, கலைந்த முடி, நெற்றி, பாதி மூடின கண். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

பிரேம் போட்டு நானே மாட்டினேன்.