அமாவாசைக்கு வந்த போன்

அபிதகுசாம்பாளுக்கு மறதி என்கிற வியாதி கிடையாது. ஒரு கல்யாணத்தில் தன்னைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட நாத்தனார் பிற்பாடு சமாதானமாகக் கொடுத்த எவர்சில்வர் குண்டானில், இன்றுவரை கோழிக்குத்தான் தண்ணீர் வைக்கிறாள். அறுபது தாண்டிய பிறகும் அந்தக் குணத்தில் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. ஆரணியில் பட்டு நெய்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஒருவன் அவளிடம் வாலாட்டினான்.

அவள் வீட்டுக்காரர் வேணுகோபால் அதற்கு நேர் எதிர், பரம சாது. நெய்த சேலைகளைப் படம் பிடித்து, கூடத்து மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஏற்றி வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்புவது அவர் வேலை. ஒருநாள் போன் வந்தது. "உங்க கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்திருக்கு சார், நாங்களே சரி பண்ணித் தருகிறோம்" என்று ஒரு ஆபீசர் குரல். சொன்ன செயலியை இறக்கினார். திரையில் வந்த எண்ணைப் படித்துக் காட்டினார். அம்புக்குறி தானாக ஓட ஆரம்பித்தபோது, பாவம், பெரிய மனிதர் வேலை செய்கிறார் என்று கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயந்திரத்துக்குள் அவர் பெயரில் சொந்தக்காரர்களுக்கும் வாடிக்கைக்காரர்களுக்கும் செய்தி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரம், பணம் அனுப்புங்கள் என்று. வேணுகோபால் கேட்டால் யார் மறுப்பார்கள்? அனுப்பினார்கள். நான் கேட்கவே இல்லை என்று அவர் அழாத குறையாகச் சொன்னதைப் பாதிப் பேர் நம்பவில்லை. கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர், "வேணுகோபாலே இப்படிக் கிளம்பிட்டாரா?" என்று கேட்டது வீடு வரை வந்து சேர்ந்தது. அதோடு மனுஷன் வாசல்படி தாண்டவில்லை. சவரத்துக்குக்கூடப் போகவில்லை.

கம்ப்யூட்டரைத் துடைத்துக் கொடுக்க, பக்கத்துத் தெருவில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ராஜேஷ் வந்தான். அவனும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். வேலை முடிந்ததும் வேணுகோபாலைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா, இந்த வயசுல இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

அவர் தலை குனிந்துகொண்டார். அபிதகுசாம்பாள் அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள்.

சைபர் கிரைமில் புகார் கொடுத்தாள். விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஆனால் இவள் வயிறு எரிந்துகொண்டிருந்ததே, அது விசாரணைக்குக் காத்திருக்குமா? வேலூரிலிருக்கும் மகள் ஸ்வர்ணலதாவைப் போனில் பிடித்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். அந்தச் செயலியின் மிச்சம் மீதியைத் தேடி அழித்தாள். கேமராவின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். பேரன் பெயரில் இருந்த பாஸ்வேர்டைத் தூக்கிவிட்டு, தனக்கு ஆகாத மூன்று பெண்களின் பெயரைச் சேர்த்துப் புதிதாக வைத்தாள். அது அவளுக்குச் செத்தாலும் மறக்காது.

பிறகு, இதே மாதிரி ஏமாந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்தாள். ஏமாந்தவர்கள் எல்லாரும் வயசானவர்கள்.

"எப்ப வந்துச்சி போனு?"

"அமாவாசை அன்னிக்கி. படையலுக்கு வடை சுட்டுகினு இருந்தேன்" என்றாள் ரங்கம்மாள்.

அடுத்த வீட்டிலும் அமாவாசை. அதற்கடுத்த வீட்டிலும் அமாவாசை. யோசித்துப் பார்த்தால் தன் வீட்டுக்கு வந்ததும் அன்றுதான். அமாவாசைக்கு இங்கே தறி ஓடாது. மற்ற நாளில் தறிச்சத்தத்தில் போன் பேச்சு காதில் விழாது. டெல்லியிலோ கல்கத்தாவிலோ இருக்கிற திருடனுக்கு இது எப்படித் தெரியும்? இவன் நம்ம ஊரான், தறிச்சத்தத்தில் பிறந்தவன்.

"மாட்னடா" என்றாள், தெருவில் நடந்துகொண்டே.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பதாகவும், போன பணத்தை மீட்க வழி தேடுவதாகவும் பூக்கடை, மளிகைக்கடை எல்லாவற்றிலும் சொல்லி வைத்தாள். அடுத்த அமாவாசை காலையில் போன் வந்தது. வேணுகோபால் சொன்ன அதே ஆபீசர் குரல். இழந்த பணத்தைத் திருப்பித் தரும் பிரிவாம். அந்தச் செயலியை மறுபடி இறக்க வேண்டுமாம்.

"இறக்கினுதான் இருக்கேன் சார். சக்கரம் சுத்திகினே இருக்குது" என்றாள். கம்ப்யூட்டர் மூடித்தான் கிடந்தது.

தெரு அமைதியாக இருந்தது. அமாவாசைக்கென்றே கண்ணமங்கலத்திலிருந்து வரும் முத்துவேலின் மினி ஆட்டோ, "வாழக்கா, பூசணிக்கா" என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு அவள் வாசலைத் தாண்டித் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் அதே வாழைக்காய் போனுக்குள் கத்தியது.

அபிதகுசாம்பாள் செருப்பை மாட்டினாள். போனைக் காதில் வைத்தபடி, ஆட்டோ போன வழியிலேயே நடந்தாள். போனுக்குள் சத்தம் ஏறிக்கொண்டே போனது.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றது குரல். பக்கத்துத் தெருவில் ஆட்டோ நின்றிருந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு மாடி ஜன்னல் படாரென்று மூடியது. போனுக்குள் வாழைக்காய்ச் சத்தம் அடங்கியது.

"ஜன்னல தொற சார். வேர்க்கப் போவுது" என்றாள்.

ஜன்னல் மெதுவாகத் திறந்தது. போனைக் காதில் வைத்தபடி ராஜேஷ் கீழே பார்த்தான்.

அன்று இவனுக்குக் கொடுத்த காபி இப்போது அவள் நெஞ்சில் கொதித்தது. முத்துவேலின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். தறி ஓடாத தெரு, எல்லாரும் வீட்டில் இருக்கிற நாள். இவன் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நாள்தானே!

"எல்லாரும் ஜல்தியா வெளிய வாங்க! ஆஸ்பத்திரினு பொய் சொல்லி உங்க பணத்த வாங்குனவன் மேல நிக்கிறான், பாத்துக்கோங்க. எங்க வீட்டுக்காரரு யாரையும் ஏமாத்தல." மூச்சு வாங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயரை மைக்கில் சொன்னாள். "வேணுகோபால் யாரையும் ஏமாத்தல! வேணுகோபால் யாருகிட்டயும் கை நீட்டல!"

கதவுகள் திறந்தன. ரங்கம்மாள் மாவுக் கையோடு வந்தாள். தெருமுனையில், தாடியும் லுங்கியுமாக, தன் பெயரைக் கேட்டு ஓடிவந்த வேணுகோபால் நின்றிருந்தார். சைபர் கிரைம் போலீசுக்கு ரங்கம்மாளே போன் போட்டாள்.

ராஜேஷ் இறங்கி ஓடிவந்து காலில் விழப் பார்த்தான். "அத்தை, மைக்க வெச்சிடுங்க. பணத்த குடுத்துடறேன். மானம் போவுதுங்க அத்தை."

அபிதகுசாம்பாள் மைக்கை வாயிலிருந்து இறக்கவில்லை.

"மானமா? இந்த வயசுல அதெல்லாம் உனுக்கு எதுக்குடா?"