நைனாவுக்கு அனுப்பிய கட்டைவிரல்

நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் காற்றைப் பற்றியே பேசுகிறார்கள். "இன்று காற்று அதிகம், இல்லையா?" என்பார் மூன்றாம் மாடி அம்மாள். நான் ஆமாம் என்பேன். கதவு திறந்ததும் போய்விடுவார். அந்தப் பேச்சில் அதற்குமேல் ஒன்றுமில்லை என்று புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் யாரும் சும்மா காற்றைப் பற்றிப் பேசமாட்டார்கள். காற்று, தண்ணீர், இறால் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் சொல்லவந்ததற்கு வருவார்கள். அதிலும் நைனா, என் அப்பா, மனதில் இருப்பதைக் கேள்வியாகக் கேட்டதே இல்லை.

வாடிக்கையாளர்கள் அனுப்பும் குரல் செய்திகளைச் சுருக்கித் தர, இரண்டு ஏஐ மாடல்களில் எதை வாங்கலாம் என்று ஒப்பிட்டுச் சொல்வது கம்பெனியில் என் வேலை. ஒன்று பெரியது, நிதானமாக யோசிக்கும், செலவு பல மடங்கு. மற்றது சின்னது, சட்டென்று பதில் சொல்லும், விலை கொசுறு. சின்னது கையில் இருக்கிறதே என்று நைனாவின் செய்திகளையும் அதனிடம் தள்ளிவிட்டேன். வாரத்துக்கு ஒருமுறை ஆறேழு நிமிடம் பேசி அனுப்புவார். "வானிலை, மீன்பிடிப்பு, ஊர்ச் செய்தி. பதில் தேவையில்லை" என்று அது ஒரே வரியில் முடித்துவிடும். நான் சரி என்று காட்டும் கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு வேறு.

போன மாதம் என் மேலாளர் மார்லேன் தமிழிலும் சோதிக்கச் சொன்னார். நைனாவின் பழைய செய்தி ஒன்றை இரண்டிலும் போட்டேன். சின்னது வழக்கமான வரியைச் சொன்னது. பெரியது எழுதியது: "பாடு பட்டியலில் உங்கள் பெயர் இருக்கட்டுமா என்று ஊரில் கேட்கிறார்கள். உங்கள் முடிவுக்காக அப்பா காத்திருப்பதுபோல் தெரிகிறது."

ஏரியில் இறால் வலை போடும் இடங்களைக் குடும்பங்கள் முறைவைத்து எடுத்துக்கொள்வதுதான் பாடு. எனக்குக் கல்யாணமான வருடம் என் பெயரைச் சேர்த்தார்கள். வெளியே போனவன் திரும்புவான் என்று வீட்டார் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னால்தான் பெயர் நிற்கும்.

அன்றுதான் அந்தச் செய்தியை என் காதால் கேட்டேன். "வாடக் காத்து வலுத்துப் போச்சுடா. எறாலும் சரியா இல்ல. ஒம் பேரு இருக்கட்டுமான்னு கேட்டாங்கோ. நான் ஒண்ணும் சொல்லல." செய்திக்குக் கீழே என் கட்டைவிரல் இருந்தது.

உடனே போன் செய்தேன்.

"அதான் கட்டவெரல காட்னியே," என்றார். "வுட்டுடுன்னு நீ சொல்றதா நெனச்சேன்."

"நான் அத கேக்கவே இல்ல நைனா."

"நீ கேக்கலியா? அப்ப யாரு கேட்டாங்கோ?"

அவரே மேலே சொன்னார்: "கூட்டத்துல பேரு படிச்சாங்கோ. ஒம் பேரு வர்ற எடத்துல நான் எழுந்து நின்னுட்டேன். ஒம் பேர வுட்டுட்டு அடுத்த பேர படிச்சிட்டாங்கோ. சரி, அங்க காத்து எப்டி கீது?"

அழுதுவிட்டேன். திரும்பச் சேர்க்க வேண்டுமானால் ஊரிலேயே போய் இருக்க வேண்டும். இருந்தால் இந்த வேலை இல்லை.

சோதனையில் சின்னதன் வரியை மட்டும் பார்த்த மார்லேன், "அப்பா வானிலைதானே பேசுகிறார்? இதற்குச் சின்னதே போதுமே," என்றார். எங்கள் வாடிக்கையாளர்கள் சொல்லவந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறவர்கள். அதனால் சின்னதையே பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன். அதன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? நைனா பேசுவதை நானே கேட்டிருந்தால் ஒரு காசு செலவில்லை.

நேற்று மாலை லிஃப்டில் அந்த அம்மாள், "இன்று காற்று அதிகம், இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் மாடி வந்ததும் அவர் இறங்கிப் போய்விட்டார்.