கோழியைக் கவ்விய படம்

முதல் வாரம் கேமராவில் விழுந்ததெல்லாம் ஆட்டு முதுகுதான். தப்பு என்னுடையது. ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். அங்கே கைவிடப்பட்ட குழி ஒன்றில் தண்ணீர் தேங்கி, கரை முழுக்கச் சம்புக் கோரை வளர்ந்து கிடந்தது. அதில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பதிவு செய்யும் வேலை எனக்குக் கிடைத்தது. எது எதிரே நடந்தாலும் தானாகப் படம் எடுக்கும் கேமராவை, பழக்க தோஷத்தில் நிலம் அளக்கும் தியோடலைட் கருவியை வைக்கிற மாதிரி நெஞ்சு உயரத்தில் கட்டிவிட்டேன். ஒரே ஒரு படத்தின் அடியில் மட்டும், கறுப்புக் குஞ்சம் வைத்த இரண்டு காதுகள் தெரிந்தன.

காட்டுப்பூனை. மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

குழிக்கு அருகில் குடியிருந்த செல்விக்கு அது சந்தோஷச் செய்தி இல்லை. அவர் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

"கறியில மருந்து தடவி வச்சிடப் போறேன் சார். எத்தினி கோழிதான் வுடுறது?" என்றார்.

தெருநாயாக இருக்கும், ஒரு வாரம் பொறுங்கள், படத்தோடு நிரூபிக்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வரை கெடு கொடுத்தார்.

கேமராவை முழங்காலுக்கும் கீழே இறக்கிக் கட்டினேன். வியாழக்கிழமை காலை கேமரா கார்டை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், நீண்ட கால்களும் வளையம் போட்ட வாலுமாகப் பூனை தெளிவாக நின்றது. வாயில் ஒரு சிவப்புக் கோழி. அதன் காலில் நீலத் துணி. செல்வி தன் கோழிகளுக்கு அடையாளத்துக்குக் கட்டும் துணி.

அழித்துவிடலாமா என்று நினைத்தது உண்மை. பூனை சாகப்போகிறதே என்று பயமாக இருந்தது. ஆனால் முப்பது வருஷ சர்வேயில் யாருக்காகவும் நான் எல்லைக் கல்லைத் தள்ளி நட்டதில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

நான் சொன்னது தப்பு, எடுத்தது பூனைதான், நல்ல பெரிய ஆண் என்றேன். செல்வி படத்தை உற்றுப் பார்த்தார்.

"ஆம்பளையா? வயித்தப் பாருங்க சார். பால் குடுக்குறவ."

பெரிதாக்கிப் பார்த்தேன். மடிக்காம்புகள் தெரிந்தன. பதிவுத் தாளில் நான் 'ஆண்' என்று எழுதி வைத்திருந்தேன். வெட்கமாகிவிட்டது.

ஆத்திரம் தீரவில்லை, ஆனால் குட்டிக்காரிக்கு மருந்து வைக்க மனசு வரவில்லை என்றார் செல்வி. கோழிக்கூண்டுக்குக் கதவு போட்டுத் தரச் சொன்னார். கம்பி வலை வாங்கி நானே அடித்துக் கொடுத்தேன். அதன்பிறகு, பூனை நடமாடும் விடியல் வேளை கழிந்து வெயில் ஏறித்தான் கோழிகளைத் திறந்துவிட்டார்.

அடுத்த மாதப் படத்தில் பூனை வயல் எலியைக் கவ்விக்கொண்டு போனது. பின்னால் மூன்று குட்டிகள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நமக்குச் சாதகமில்லாத படத்தை முதலில் காட்டுங்கள். பார்க்கிறவர் நம்மைவிட நன்றாகப் பார்க்கக்கூடும்.

தாளில் 'பெண்' என்று திருத்தி, 'கண்டறிந்தவர்' கட்டத்தில் செல்வி பெயரை எழுதிக் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"கோழி போனதையும் எழுதுங்க சார். அதுவும் நடந்ததுதானே?"

எழுதினேன்.