டிராயர் நிறைய ஒயர்

எங்கள் பாட்டுக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவரைக் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவோம். பாட்டு எந்த வேகத்தில் ஆரம்பித்ததோ அதே வேகத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பாடகி தடுமாறலாம், கீபோர்டு வாசிக்கிற நான் உளறிக்கொட்டலாம், டிரம்ஸ் மட்டும் பிசகாது. அவரை நம்பி என் தங்கையைக் கட்டிக்கொடுத்தேன். அதுவரை ‘டேய்’ என்று கூப்பிட்டவனை மறுநாளிலிருந்து ‘வாங்க மாப்பிள்ளை’ என்று அழைக்க வேண்டிவந்தது ஒன்றுதான் எனக்கு நஷ்டம்.

அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனதும் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். பழைய டிரம்ஸை விற்றுவிட்டு மாப்பிள்ளை எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினார். எல்லாம் ரப்பர் தட்டுகள். குச்சியால் அடித்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. அடித்த செய்தி யுஎஸ்பி ஒயர் வழியாக லேப்டாப்புக்குப் போகும். லேப்டாப்தான் அதைச் சத்தமாக்கி ஹெட்போனுக்கு அனுப்பும். அடிப்பது ஓரிடம், சத்தம் பிறப்பது வேறிடம் என்பதால் நடுவில் துளி நேரம் விழத்தான் செய்யும். அது ஒழுங்காக இருந்தால் யாருக்கும் தெரியாது. நாங்கள் தினமும் வாசிக்கிற ஓட்டல் மேடைக்கும் அந்த செட்டையே தூக்கிக்கொண்டு போனோம்.

புது செட் வந்த கொஞ்ச நாளில் பாட்டு நொண்ட ஆரம்பித்தது. கையால் அடிப்பதெல்லாம் சரியாக விழுந்தது. வலது காலால் பெடலை மிதித்து வாசிக்கிற கிக் டிரம் மட்டும் பின்தங்கியது. பாடகி பாடிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“ஒயர்ல லேட்டாகுது மச்சான். யுஎஸ்பி சரியில்ல,” என்றார் மாப்பிள்ளை.

நானும் நம்பினேன். கடிகாரத்தை யார் சந்தேகப்படுவார்கள்? ஒயரை மாற்றினார். லேப்டாப்பில் வேறு ஓட்டையில் சொருகினார். மவுஸைப் பிடுங்கிப் போட்டார், வைஃபையை அணைத்தார், சத்தத்தைக் கொஞ்சம் தேக்கிவைத்து அனுப்புகிற ஆடியோ பஃபரைக் குறைத்துக் குறைத்துச் சத்தம் கரகரவென்று உடையும்வரை கொண்டுபோனார். ஒயர் மாற்றிய முதல் நாள் சரியாகிவிட்டது போலத் தோன்றும், அடுத்த நாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். என் தங்கை கடைக்குப் போகும்போதெல்லாம் ஒரு ஒயர் வாங்கிவந்தாள். குட்டை, நீளம், தடிமன் என்று சமையலறை டிராயர் நிறைந்துவிட்டது. ஒயர்க்கடை வைக்கப்போகிறாயா என்று நான்கூடக் கிண்டல் செய்தேன்.

குழுத் தலைவர் கிண்டல் செய்யவில்லை. “இந்த மாசம் பாப்பேன். சரியாகலன்னா டிரம்ஸை கம்ப்யூட்டர்லயே போட்டு ஓட்டிருவேன். அது லேட்டா வராது, லீவும் கேக்காது,” என்றார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவருடைய மைக் ஸ்டாண்டாலேயே அவரை நாலு சாத்தலாம் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு வேறு வேலை எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

செட்டைக் காரில் ஏற்றி, எனக்குத் தெரிந்த ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே இன்ஜினியராக இருக்கும் மேடம் எதையும் சுற்றிவளைத்துப் பேசமாட்டார். “ஒயரா இல்லையான்னு அளந்துட்டாப் போச்சு,” என்றார். ரப்பர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மைக்கை வைத்தார். அடி படுகிற ஒலி ஒரு கோடாகவும், லேப்டாப் எழுப்பும் சத்தம் இன்னொரு கோடாகவும் திரையில் விழுந்தன. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் ஒயரும் லேப்டாப்பும் சாப்பிடுகிற நேரம். கையால் அடித்தபோது மெல்லிய இடைவெளி. காலால் மிதித்தபோதும் அதே இடைவெளி, ஒரு மயிரிழைகூடக் கூடவில்லை.

“ஒயர் நல்லாத்தான் இருக்கு,” என்றார் மேடம்.

“அப்ப பெடல் போயிருக்கும்,” என்றார் மாப்பிள்ளை.

மேடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தாளக் கணக்குக்கு டிக் டிக் என்று ஒலிக்கிற கிளிக்கை ஓடவிட்டு, தானே உட்கார்ந்து பெடலை மிதித்தார். டிரம்ஸ் பழகாத காலுடைய மிதி அது. இருந்தும் கிளிக்கின் மேலேயே போய் உட்கார்ந்தது. பிறகு மாப்பிள்ளை உட்கார்ந்தார். கை அடிகள் கிளிக்கோடு ஒட்டிக்கொண்டன. கால் அடிகள் பின்னால் விழுந்தன, ஒன்று கொஞ்சம், ஒன்று அதிகம், நடுவே ஒன்று வரவேயில்லை.

மேடம் குரலைத் தணித்துக்கொண்டார். “கால் மரத்துப்போகுதா? படியில தடுக்குதா? நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. தள்ளிப்போடாதீங்க.”

“ஏசி குளிருல கால் விறைச்சுப்போச்சு,” என்றபடி மாப்பிள்ளை ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டு லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. செட்டைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் படியேறினேன். டப் என்று இடது செருப்பு. சர்ரென்று ஓர் இழுவை, அதற்கப்புறம்தான் வலது. எத்தனை முறை அவரோடு இந்தப் படியேறியிருக்கிறேன்! பேசிக்கொண்டே ஏறியதில் காதில் விழவேயில்லை. மணி அடிப்பதற்கு முன்பே தங்கை கதவைத் திறந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“ஒயர்தான்,” என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை உள்ளே போனார்.

நான் சமையலறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் அதிர்ச்சியடையவில்லை. அடுப்பை அணைத்தாள்.

“தெரியும்ணா. படியேறுற சத்தம் மாறி ரொம்ப நாளாச்சு. அதை வச்சுத்தான் கதவையே தொறக்குறேன்.”

“தெரிஞ்சுகிட்டேவா ஒயரா வாங்கிக் குவிச்ச? அறிவிருக்கா உனக்கு?” கத்திவிட்டேன்.

“டாக்டர்னு வாயெடுத்தாலே எரிஞ்சு விழுறாரு. புது ஒயர் மாட்டுற அன்னைக்கு மட்டும்தான்ணா நிம்மதியா தூங்குறாரு.”

அதற்குமேல் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது: “ஏம்மா, வேற ஒயர் இருக்கா?”

தங்கை என் முகத்தைப் பார்த்தாள். டிராயரை இழுத்து, உறை பிரிக்காத ஒன்றை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு போய், தரையில் உட்கார்ந்து நானே செட்டைப் பூட்டினேன், ஒயரைச் சொருகினேன், அவருடைய ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டேன். அவர் கிளிக்கை ஓடவிட்டு மிதித்தார்.

“இப்ப சரியா இருக்கு மாப்பிள்ளை,” என்றேன். நாக்கு கூசியது.

“பொய் சொல்லாதீங்க மச்சான். காதுக்கு ஒண்ணும் ஆகல எனக்கு.”

மறுபடி மிதித்தார். “லேட்டு,” என்றார். மிதித்தார். “லேட்டு.” கிளிக் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் தங்கை வந்து, அவர் வலது முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் விடவில்லை. அவள் கைக்கு அடியில் கால் எழும்பி இறங்கியது.

“லேட்டு,” என்றார்.