இருபத்தைந்தாம் மாடியில் ஆல்ப்ஸ்

காலை 6.10. புக்கிட் மேராவில் எங்கள் இருபத்தைந்து மாடிக் குடியிருப்பு புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து ஆல்ப்ஸ் மலைக்குப் புறப்பட்டேன். சிரிக்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் ஓர் ஏரியைச் சுற்றிவரும் பாதை, பன்னிரண்டு கிலோமீட்டர், தொள்ளாயிரம் மீட்டர் ஏற்றம். அந்த ஏரியில் சிகரம் தலைகீழாகத் தெரிவதைப் படமெடுக்க வேண்டும் என்பது என் ஐந்து வருட ஆசை. என் மனைவி செல்விக்கோ, போன வருடம் புக்கிட் தீமா குன்றில் ஏறி வீங்கிய என் முழங்கால்தான் கண்முன் நின்றது.

"அதே ஏத்தத்த இங்க ஏறிக் காட்டுங்க. அப்புறம் அங்க விடுதிக்குப் பணம் கட்டலாம்" என்றாள். பணம் கட்ட அன்று மாலை ஆறு மணிதான் கெடு.

இருபத்தைந்து மாடி ஏறினால் ஏறக்குறைய எழுபது மீட்டர். பதின்மூன்று முறை ஏறினால் ஆல்ப்ஸ். கணக்குப் போட்டது பிடோக்கிலிருந்து வந்திருந்த நண்பன் ஜோசப், கூட வரப்போகிறவன். என் முதுகுப் பையில் கேமரா, முக்காலி, எடைக்காக ஐந்து கிலோ அரிசி. ஏறுவது படியில், இறங்குவது லிஃப்டில். மூன்று மாதமாக இப்படித்தான் பழகினோம். படியில் இறங்கி நேரத்தை வீணாக்குவானேன்?

ஆறாம் முறை லிஃப்டில் பதினோராம் மாடி அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அரிசியோட மேல போறீங்க, அரிசியோட கீழ வர்றீங்க. வீட்டுல சண்டையா லா?"

காலை 9.15. பதின்மூன்றாம் முறையும் முடிந்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

காலை 10.30. செல்வியையும் அழைத்துக்கொண்டு பேருந்தில் சுமார் ஆறு கிலோமீட்டர், தேக்கா சந்தை. வெற்றிக்காகத் தோசையும், 1.60 வெள்ளிக்குத் தே தாரிக் தேநீரும். ஜோசப் வரைபடத்தை விரித்து, சட்னி படாமல் பாதையை விரலால் காட்டினான். செல்வி தேநீரை ஆற்றியபடி கேட்டாள்.

"ஏறிட்டீங்க, சரி. அங்க இறங்க லிஃப்ட் இருக்கா?"

நான் வரைபடத்தை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன்.

"சுத்திப் புறப்பட்ட இடத்துக்கே வரணும், சிஸ்டர்" என்றான் ஜோசப் மெதுவாக. "ஏறுன அளவு இறங்கணும்."

"அப்ப போய் இறங்கிக் காட்டுங்க."

பிற்பகல் 3.30. லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினேன். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது முழங்கால் பெயர் சொல்லி அழைக்கிறது. நான்காம் முறை கைப்பிடிச் சுவரைப் பிடித்தேன். ஏழாம் முறை பன்னிரண்டாம் மாடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மணி 5.10. கீழே ஜோசப்போடு காத்திருந்த செல்விக்குப் போன் செய்து, "முடியல. விடுதி வேணாம்னு சொல்லிடு" என்றேன். அழுகை வந்தது, ஐம்பத்திரண்டு வயதில் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

பத்து நிமிடத்தில் அவள் சாதாரணச் செருப்போடு படியேறி வந்தாள். பின்னால் ஜோசப், மூச்சிரைக்க.

"ஒரே நாள்ல சுத்தணும்னு எவன் சொன்னான்?" என்றாள். ஜோசப் தலையைச் சொறிந்தான். "ஏரிக்கரை விடுதியில ராத்திரி தங்கினா ரெண்டு நாள்ல பாதிப் பாதியா இறங்கலாம். காலைல வெளிச்சமும் கிடைக்கும். பாதிக்கு ஏழு தடவை போதும். இது ஏழாவதுதானே? முடிங்க."

பிறகு என் பையைத் திறந்து அரிசி மூட்டையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "கேமராவ நீங்க தூக்குங்க. மிச்சத்த நான் தூக்கறேன்."

"அங்க யாரு தூக்குவா?"

"நான்தான். உங்கள இவர நம்பி அனுப்பவா?" என்று ஜோசப்பைக் காட்டினாள்.

மாலை 5.34. கீழ்த்தளம். 5.48க்கு ஏரிக்கரை விடுதியில் மூன்று பேருக்கு இடம் பதிவானது.

பதினெட்டாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு அரிசியைக் கொண்டுபோக வேண்டும். பழக்கதோஷத்தில் நான் படியைப் பார்த்தேன். செல்வி லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். அந்த மலையில் இந்த வசதி கிடையாது. ஆனால் செல்வி இருப்பாள்.