மூன்று இலாகாவும் ஒரு சோப்பும்

வாங்குகிறவன் வாங்க வேண்டும், செய்கிறவன் செய்ய வேண்டும், விற்கிறவன் விற்க வேண்டும். ஒருவர் வேலையில் இன்னொருவர் மூக்கை நுழைக்காவிட்டால் தொழில் தானாக ஓடும். முதலில் நான் அப்படித்தான் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நடுவில் மூங்கில் தட்டி வேறு கட்டினேன்.

ஜப்பான்காரன் ஆட்சி. செமிலிங் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் துரை கார் ஏறித் தெற்கே போய்விட்டார். ரப்பரை வாங்க ஆள் இல்லை. நான் அங்கே கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. சுங்கை பட்டாணியிலிருந்து வந்த ஜப்பானிய அதிகாரி, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இனி இங்கே சோப்பு செய்ய வேண்டும் என்று மலாய் மொழியில் உத்தரவு போட்டார். பட்டாளத்துத் துணி துவைக்க, மாதம் இருபது பெட்டி. செய்கிறவர்களுக்கு ஒரு பாஸ். அந்தப் பாஸ் பையில் இருக்கும்வரை, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி நம்மைத் தொடாது. சோப்பு நின்றால் பாஸும் போய்விடும். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பவில்லை.

அன்றே துரையின் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று இலாகா பிரித்தேன். எண்ணெய் வாங்க வேலு. சைக்கிளில் மெர்போக் வரை போய் வருவான். காய்ச்ச அஞ்சலை அக்கா. ரப்பர் பால் உறைய வைத்துப் பழகியவர். வெட்டிப் பெட்டி கட்டிப் பட்டாளத்தில் ஒப்படைக்க காதர் நானா. பீடோங்கில் துணிக்கடை வைத்திருந்தவர்.

"ஒரு இலாகா இன்னொரு இலாகாகிட்ட பேசக் கூடாது. சொல்ல வேண்டியத துண்டுக் காகிதத்துல எழுதி எனக்கு அனுப்புங்க," என்றேன்.

"பக்கத்துல நிக்கிற வேலுகிட்ட ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்கு லெட்டர் போடணுமா கிராணி?" என்றார் அஞ்சலை அக்கா.

"அதான் மெனேஜ்மெண்ட் அக்கா."

"சரிலா. வெள்ளக்காரன் போயிட்டான், நாற்காலி போகல."

தினமும் துண்டுகள் வந்தன. தேதி வரிசை தவறாமல் கம்பியில் குத்தி வைத்தேன். படிக்கவில்லை. காகிதத்தைக் குத்துவது கிராணி வேலை, படிப்பது துரை வேலை. பத்து வருடப் பழக்கம். நாற்காலி மாறிய செய்தி என் கைக்குப் போய்ச் சேரவில்லை.

ஆடு

முதல் இருபது பெட்டி தயார். மறுநாள் காலை லாரி வரும். லயத்து ஆடு ஒன்று கொட்டகைக்குள் புகுந்து இரண்டு கட்டியைத் தின்றுவிட்டு மூன்றாவதற்குக் காத்திருந்தது. சோப்பைத் தின்ற ஆடு துடிக்க வேண்டாமா? அது ஏப்பம் விட்டது.

ஒரு கட்டியை எடுத்து வாளியில் என் சட்டையைத் துவைத்தேன். நுரை வரவில்லை. கஞ்சி வந்தது. மூவரையும் கூப்பிட்டேன்.

"அக்கா, இதுல என்ன போட்டீங்க?"

"மரவள்ளி மாவு. வந்த எண்ணெய் சரியில்ல, சோப்பு எறுகல. மாவு போட்டுத்தான் கெட்டியாக்குனேன்."

வேலு தலையைச் சொறிந்தான். "எண்ணெய் கம்மியா கெடச்சுச்சுண்ணே. அளவு காட்டணுமேன்னு நானும் மரவள்ளிக் கஞ்சி ஊத்திக் கொண்டாந்தேன்."

காதர் நானா தொப்பியைக் கழற்றினார். "வெட்டும்போது கையில ஒட்டுச்சு தம்பி. நானும் மரவள்ளி மாவு போட்டுப் பெசஞ்சுதான் வெட்டுனேன்."

"ஏன் யாருமே சொல்லல?"

"எழுதிக் குடுத்தோமே," என்றார்கள் மூவரும்.

அஞ்சலை அக்கா கம்பியை எடுத்துப் பார்த்தார். "சாத்தே கறி மாதிரி கம்பியில குத்தி வச்சிருக்கீங்க. எப்ப சுட்டுத் திங்கப் போறீங்க?"

வேறு சோப்பு காய்ச்ச எண்ணெயும் இல்லை, நேரமும் இல்லை. காலையில் லாரி வந்து இருபது பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனது.

என் வீரம்

அடுத்த ஒரு வாரம் நான் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு திரிந்தேன். திடீரென்று பிடித்துக்கொண்டு போனால் மாற்றுத் துணி வேண்டுமே. சத்தம் கேட்ட பக்கமெல்லாம் குனிந்து வணங்கினேன். மாட்டு வண்டியை வணங்கினேன். ஒரு எருமையையும் வணங்கினேன், அது கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்காரியிடம், "நான் சயாமுக்குப் போயிட்டா..." என்று ஆரம்பித்தேன். "போறதுக்கு முன்னாடி வெறகப் பொளந்து வச்சிட்டுப் போங்க," என்றாள்.

எட்டாம் நாள் அதிகாரி வந்தார், பின்னால் இரண்டு சிப்பாய்கள். அதிகாரியின் கழுத்து அசையவில்லை. என்னைப் பார்க்க உடம்பு முழுவதையும் திருப்பினார். இவ்வளவு கோபத்தை நான் பார்த்ததே இல்லை என்று நினைத்தேன். இரண்டு சட்டையோடும் இடுப்பு வரை குனிந்து வணங்கினேன்.

அஞ்சலை அக்கா என் காதருகே சொன்னார்: "கிராணி, அந்தக் காலரப் பாருங்க."

தகரத்தில் வெட்டி வைத்ததுபோல் நின்றது காலர். சிப்பாய்கள் நடந்தபோது காய்ந்த வாழை இலைபோல் சட்டை சரசரத்தது.

"சாபுன் பாகுஸ்," என்றார் அதிகாரி. நல்ல சோப்பாம். அடுத்த மாதம் நாற்பது பெட்டி வேண்டும், இதே மாதிரி. கொஞ்சம் மாறினாலும்... அவர் வடக்கே, சயாம் பக்கம் கையைக் காட்டினார். அந்தக் கையும் மடங்காமல்தான் காட்டியது.

உண்மையான பயம் அப்போதுதான் பிடித்தது. அதே சோப்பை மறுபடி எப்படிச் செய்வது? வேலுவின் கணக்கு குத்துமதிப்பு. அக்காவின் கணக்கு சிரட்டை. நானாவின் கணக்கு, கையில் ஒட்டாத வரை. யாருக்கும் மொத்தம் தெரியாது.

தட்டியைப் பிடுங்கி அடுப்பில் வைத்தோம். அண்டாவைச் சுற்றி உட்கார்ந்தோம். எல்லாத் துண்டுகளையும் நான் உரக்கப் படித்தேன், முதல் தடவையாக.

"கஞ்சி எவ்ளோனு அவன் சொன்னாத்தான் என் மாவு எவ்ளோனு எனக்குத் தெரியும்," என்றார் அக்கா.

"பட்டாளத்துக்கு எவ்ளோ வெறப்பு வேணும்னு நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன். அப்பறம் காச்சுங்க," என்றார் நானா.

வாங்குவது, செய்வது, விற்பது மூன்றும் ஒரே வேலை என்று நான் கற்றுக்கொண்டது அந்த அண்டாவின் ஓரத்தில்தான். மூவர் சொல்வதையும் கேட்டு ஒருவர் காதில் மற்றவர் பேச்சைப் போட்டு வைப்பதற்குத்தான் நாற்காலி.

ஜப்பான்காரன் போகும்வரை அந்தச் சோப்பைச் செய்தோம். ஒரு துணியும் வெளுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். நாங்கள் நால்வரும் சயாமுக்குப் போகவில்லை.