விடத்தல்தீவுக் கடற்பசுவும் பாதியில் நின்ற பிரதியும்

மன்னார்க் கரையின் நண்டுத் தொழிலைப் படம்பிடிக்க வேண்டுமென்று நெடுநாள் ஆசை. கடந்த மாசியில் லீவு போட்டுக்கொண்டு மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டேன். மன்னார் நகரில் தங்கி, காலை ஆறரை பஸ்ஸில் விடத்தல்தீவுக்குப் போனேன். முக்கால் மணி நேரம்தான். பாப்பாமோட்டை தாண்டும்வரை வயல்கள் கண்ணில் பட்டன.

படகு அங்கே நண்டு பிடிக்கும் அன்ரன் அண்ணையுடையது. அரை நாளுக்கு ஐயாயிரம் ரூபா பேசியிருந்தோம்.

"தங்கச்சி, கடற்பசு பாத்திருக்கிறீங்களோ? இஞ்ச வாறது" என்றார்.

கரையில் வலை தட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ஜெசிந்தா அக்கா சிரித்தார். "இவர் ஒருத்தருக்குத்தான் அது காட்சி குடுக்கும்."

கண்டல் காட்டைக் கடந்து, நண்டு வலைகளை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அண்ணை சட்டென்று எஞ்சினை நிறுத்தினார். படகுக்குப் பக்கத்தில் சாம்பல் நிற மூக்கு ஒன்று மேலே வந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டு, மறுபடி அமிழ்ந்தது. கமராவில் பிடித்துவிட்டேன். அண்ணையின் முகம் மலர்ந்திருந்தது.

கரைக்கு வந்ததும் அவர்கள் வீட்டிலேயே மடிக்கணினியைத் திறந்து, கமராவின் மெமரி கார்டில் இருந்ததையெல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றத் தொடங்கினேன். இடையில் கரண்ட் போனது. முதல் நாள் சார்ஜ் போட மறந்ததால் கணினியும் அணைந்தது. கரண்ட் வந்தபின் பார்த்தால் டிஸ்க்கில் எல்லாக் கோப்புகளின் பெயர்களும் இருந்தன. நிம்மதி. மாலையில் மன்னார்ப் பாலத்தடியில் பூநாரைகளை எடுக்க இடம் வேண்டுமே என்று கார்டை அழிக்கப் போனேன்.

"பொறுங்கோ, முதல்ல எனக்கு ஒருக்கா காட்டுங்கோ. இவர் சொல்லுறது மெய்யோ எண்டு பாப்பம்" என்றார் அக்கா.

டிஸ்க்கில் இருந்த கடற்பசு வீடியோவைத் திறந்தேன். வெறும் தண்ணீர் இரண்டு விநாடி ஓடியது, பிறகு திரை உறைந்துவிட்டது. அண்ணையின் முகம் விழுந்துவிட்டது. கார்டில் இருந்ததைத் திறந்தேன். நல்லகாலம், அது முழுசாகவே இருந்தது.

மூக்கு மேலே வந்ததும் அக்காவின் சிரிப்பு நின்றது. அண்ணை திரையைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நம்புறியோ?"

"ஓம். ஒருநாளாவது என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே?"



எல்லாவற்றையும் மறுபடி மாற்றினேன். இந்த முறை ஒவ்வொன்றையும் திறந்து நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்தேன். கடற்பசுவை அக்காவின் ஃபோனுக்கும் அனுப்பினேன். கார்டை அழிக்காமல் மன்னாரில் புதிதாக ஒன்று வாங்கினேன். படம்பிடிக்கப் போகிறவர்கள் இரண்டு கார்டாவது ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், அங்கே விலை கூட. கார்டும் டிஸ்க்கும் ஒரே பையில் இருக்க வேண்டாம். கோப்பின் பெயர் தெரிகிறதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ஓடவிட்டுப் பாருங்கள்.

வீடு வந்து சேர்ந்த மறுநாள் அக்காவிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் எஞ்சின் சத்தம். "தங்கச்சி, ரெண்டு நாளா இவரோட போறன். இன்னும் காணேல்ல. நாளைக்கும் போவன்."